கையெடு சிஸ்டர்

நீங்கள் பொய் சொன்னீர்கள், இயக்குநர் ஐயா. அரங்கம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மைக்கில் சொன்னீர்கள்: "இத்தனை வருட சேவையில் இவர் கையால் ஒரு தவறுகூட நடந்ததில்லை." அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். தன் கையால் நடந்த தவறு என்ன என்று அவரே எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தாரே.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். உங்களுக்குப் பூங்கொத்து கொடுத்த பிள்ளை என் மகள் ஹரிணி. உங்கள் ஆஸ்பத்திரியில் பிழைத்த பிள்ளை என்று காட்டுவதற்காக எங்களைக் கூப்பிட்டிருந்தீர்கள். நான் அப்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டும். மகள் மேடையில் நிற்கிறாள், எல்லாரும் கை தட்டுகிறார்கள், வாய் வரவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டிவிட்டீர்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. குழந்தைகள் வார்டில் கிடந்த எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. எங்களுக்கு அவர் கையெடு சிஸ்டர்.

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். ஆனால் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், தான் உள்ளே நின்று பார்த்த குழந்தைகளை ஒரு சுற்றுப் பார்க்க வார்டுக்கு வருவார். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சொல் வரும். தலைக்கட்டைத் தடவிப் பார்க்கும் தகப்பனுக்கு, "கையெடுங்க." சட்டைப் பையில் பேனாவைச் சொருகிய அதே கையால் தையலைத் தொடப் போன சின்ன டாக்டருக்கு, "டாக்டர், கையெடுங்க. எதைத் தொட்டுட்டு வாரீங்க?" ஜெபம் பண்ண வந்த அவருடைய சபைப் பாஸ்டரே ஒரு குழந்தையின் நெற்றியில் கை வைக்கப் போனபோது, "ஐயா, அங்கன நின்னே ஜெபிங்க. கர்த்தருக்குக் கேக்கும்" என்றார். அழகர்கோவில் தீர்த்தம் கொண்டுவந்த எங்கள் மாமாவுக்கும் அதே மரியாதைதான். "நீங்க குடிங்க அண்ணே. பிள்ளை தலையில வேண்டாம்."

ஒரு டாக்டர் அவரைச் சீண்டினார். "சிஸ்டர், கல்யாணத்துல தாலி கட்ட வந்தப்பவும் மாப்பிள்ளைகிட்ட கையெடுன்னு சொல்லிட்டீங்களாமே?"

"அதான் டாக்டர் இன்னும் கட்டல" என்றார் இவர். வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த டாக்டரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதைக் கழட்டிட்டுப் பிள்ளையத் தொடுங்க."

நான் பழங்காநத்தத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். அளவெடுத்த பழக்கம், யாரைப் பார்த்தாலும் தோளும் கையும்தான் முதலில் கண்ணில் படும். சிஸ்டரின் கை பார்க்கச் சகிக்காது. தேய்த்துத் தேய்த்துக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்து, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கும். வளையல் கிடையாது. மோதிரம் கிடையாது. வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பையிலிருந்து சின்ன டப்பா எடுத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார். காலையில் அதையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்.

ஹரிணிக்கு அப்போது ஐந்து மாதம். நானே தைத்த குல்லா இரண்டு வாரத்தில் தலையில் ஏறவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்து வேறு தைத்தேன். அதுவும் ஏறவில்லை. டேப் வைத்து அளந்தேன். பிறகு கண் கீழே பார்த்தபடி நின்றது, பால் எல்லாம் வாந்தி. மூளைக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது என்றார்கள். மண்டைக்குள்ளிருந்து காதுக்குப் பின்னால், கழுத்து வழியாக, தோலுக்கு அடியிலேயே வயிறு வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை இறக்கினால் நீர் வயிற்றில் வடிந்துவிடும். அதற்கு ஷன்ட் என்று பெயர். ஆயுசு முழுக்க உள்ளே இருக்க வேண்டியது.

முதல் குழாய் வெள்ளை. ஆபரேஷன் முடிந்த பிறகு காதுக்குப் பின்னால் அது தோலுக்கடியில் ஒரு மேடாகத் தெரிந்தது. அது அங்கே இருக்கிறதா, நகர்ந்துவிட்டதா என்று எனக்குப் பயம். விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாரோ.

"கையெடு."

திரும்பினேன்.

"மூணு நிமிசத்துக்கு ஒருக்கா தொடுற. அது எங்க போகப்போகுது? நீ அடுப்பத் தொட்ட, போனத் தொட்ட, மூக்கத் தொட்ட, அதே விரலு. கிருமிக்குக் காலு கிடையாதும்மா. நம்ம கையிலதான் ஏறி வரும்."

எனக்கு ஆத்திரம். என் பிள்ளையை நான் தொடக் கூடாதா? அவர் போன பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பாண்டிச்செல்வி. டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். விவசாயக் குடும்பம். அவள் மகள் கனிஷ்காவுக்கும் தலையில் நீர். "விடுங்கக்கா, அந்தம்மா ஏசுறதும் நம்ம பிள்ளைக்குத்தான" என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஹரிணிக்குக் காய்ச்சல். குழாயில் கிருமி. என்ன மருந்து ஏற்றியும் அடங்கவில்லை. அதே வார்டில் மறுபடியும் வந்து கிடந்தேன். சிஸ்டர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். "சதையில கிருமி ஏறுனா ரத்தம் மருந்தக் கொண்டுபோய்க் கொன்னுரும். குழாயில ஏது ரத்தம்? கிருமி அதுல ஒட்டிக்கிட்டு, மேல ஒரு வழுவழுப்பப் போத்திக்கிட்டு உக்காந்துரும். இனி குழாயவே எடுக்கணும்." எடுத்தார்கள். தலையிலிருந்து நீரை வெளியே ஒரு பையில் வடியவிட்டு, நீர் தெளியும்வரை வாரக் கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அந்த நாட்களில்தான் சிஸ்டர் தியேட்டருக்குள் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொண்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளும் சேகர் அண்ணன் வந்து கதை கதையாகச் சொல்வார். குழாய் வைக்கும் குழந்தைதான் அன்றைக்கு முதல் ஆபரேஷன், அது சிஸ்டரின் சட்டம். ஒரு நாள் பலகையில் முதல் பெயராக ஒரு பெரிய மனிதரின் பெயரை எழுதியிருந்தார்களாம். முதுகில் ஆபரேஷன். சிஸ்டர் கருவிப் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"அவர் யாருன்னு தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும். அவருக்கு முதுகு. இதுக்கு மூளை. கழுவி வச்ச தியேட்டர்ல முதல்ல பிள்ளை போகட்டும். அப்புறம் யாரு வேணாலும் படுங்க."

குழாய் வைக்கும்போது உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று அவர்தான் முடிவு செய்வார். கதவைச் சாத்திவிட்டு முதுகைக் கொடுத்து நிற்பார். வேடிக்கை பார்க்க வந்த மாணவர்களிடம், "கதவு ஒவ்வொரு தடவ திறக்கிறப்பவும் வெளிக்காத்து உள்ள வருதுய்யா. இன்னொரு நாள் பாக்கலாம்" என்பார். எல்லாரும் கையுறை இரண்டு போட வேண்டும். குழாயைத் தொடும் நேரத்தில் மேலுறையைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். குழாய்ப் பொட்டலத்தைக் கடைசி நிமிடம்வரை பிரிக்க விடமாட்டார்.

ஹரிணிக்கு இரண்டாவது குழாய் வைத்த சமயத்தில்தான் புது வகைக் குழாய் வந்திருந்தது. ஆரஞ்சு நிறம். மருந்து ஏற்றிய குழாய். கிருமியைக் கொல்லும் மருந்து குழாய்க்குள்ளேயே ஊறியிருக்கும், உள்ளே போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், ஆபத்தான முதல் வாரங்களில் கிருமி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். சிஸ்டர் இதைச் சொன்னபோது அந்த முகத்தில் ஒரு சந்தோஷம், தன் வீட்டுக்குப் புது விளக்கு வந்த மாதிரி. அதே சமயம் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தினார். ஏனென்றால் மற்றவர்கள் அலட்சியமாகிவிட்டார்கள். "மருந்துக் குழாய்தானே சிஸ்டர், இன்னும் எதுக்கு இம்புட்டு?" என்று ஒரு டாக்டர் கேட்டதற்கு, "சீட் பெல்ட் போட்டாச்சுன்னு கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவீங்களா டாக்டர்?" என்றாராம்.

ஹரிணியின் ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தொடவே இல்லை. அதைப் பார்த்து அவருக்குத் திருப்தி. குனிந்து ரகசியம் மாதிரிச் சொன்னார்: "தட்டுல ஊற வச்சிருந்தேன் பாரு, தண்ணியே லேசா ஆரஞ்சு ஆயிருச்சு. அம்புட்டு மருந்து இருக்கு அதுல. இனி பயப்படாத."

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் குழாய்க் காலத்தில், குழாயைப் பொட்டலத்திலிருந்து எடுத்ததும் மருந்து கலந்த நீரில் ஒரு எவர்சில்வர் தட்டில் ஊறப் போடுவார்கள். தலைக்குள் போகும்வரை அதில் கிடக்கும். அந்தப் பழக்கத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தவர் சிஸ்டர்தான். யாரும் செய்யாத காலத்தில் சண்டை போட்டுக் கொண்டுவந்தார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. ஆரஞ்சுக் குழாய் வந்தபோது அதுவும் அதே தட்டில் விழுந்தது. நல்லதுதானே என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. நீங்கள் அப்போது துறைத் தலைவர். உங்கள் கண் முன்னால்தான் ஊறியது. நீங்களும் கேட்கவில்லை.

கனிஷ்காவுக்கும் வெள்ளைக் குழாய் அடைத்துப்போய், மாற்றி வைத்தது ஆரஞ்சுக் குழாய்தான். எங்களுக்குப் பத்து நாள் முன்னால் வைத்தார்கள். நான்காவது வாரம் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். நாங்கள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, பக்கத்துக் கட்டில்தான், அதனால் எல்லாம் என் கண்ணால் பார்த்தேன். காலையில் நீங்கள் பத்துப் பேரோடு ரவுண்ட்ஸ் வந்தீர்கள். சீட்டைப் பார்த்தீர்கள். பாண்டிச்செல்வியிடம் கேட்டீர்கள்.

"தலைக்கு ஊத்தினியா?"

"ஒரே ஒருக்கா சார். தையல் பிரிச்ச பிற்பாடு. பிசுபிசுன்னு இருந்துச்சு..."

"அவ்வளவுதான். நாங்க உள்ள இவ்வளவு கஷ்டப்பட்டு வைக்கிறோம். நீங்க வீட்ல போய்த் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டு வாறீங்க." பக்கத்தில் நின்ற மாணவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னீர்கள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அவள் புருஷன் கட்டில் கால்மாட்டில் நின்றான். அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பதினோரு நாள் கழித்துக் கனிஷ்கா செத்துப்போனாள். பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகும்போதும் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே போனாள். தண்ணீர் ஊற்றிய கை.

ஹரிணி பிழைத்தாள். குழாய் நின்றது. வீட்டுக்கு வந்து குப்புற விழுந்து, உட்கார்ந்து, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் நான் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் வாசலில் நின்றார். சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார், வெள்ளைச் சேலை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உன் பிள்ளைக்கு வச்ச குழாய நான் தண்ணியில ஊறப் போட்டேன்ல. போடக் கூடாதும்மா."

எனக்கு விளங்கவில்லை.

"குழாய்ப் பெட்டிக்குள்ள ஒரு காகிதம் மடிச்சு வச்சிருப்பான். பெட்டியோட சேத்துக் குப்பையில போட்டுருவோம். இத்தன மாசமா போட்டோம். போன வாரம் ஒண்ணு பொட்டலத்தோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பஸ்ல உக்காந்து படிச்சேன். ஊற வைக்காதேன்னு எழுதியிருக்கான். வேணும்னா ஒரு நொடி நனைச்சு எடுக்கலாம், அம்புட்டுத்தான். நான் ஆரஞ்சு ஆயிருச்சுன்னு உன்கிட்ட பெருமையாச் சொன்னேனே. அது தண்ணியோட போன மருந்தும்மா. உன் பிள்ளைக்குள்ள போயிருக்க வேண்டியது."

கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"என் பிள்ளைக்கு இப்ப என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆபத்தான காலத்தத் தாண்டிட்டா. அது உறுதி. ஆனா உன்கிட்ட நான் தப்பாச் சொல்லிட்டுப் போனேன். அதச் சரியாச் சொல்ல வந்தேன்."

"எங்களையெல்லாம் கையெடு கையெடுன்னு விரட்டுனீங்களே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போங்க வெளிய." அவர் தலையை ஆட்டினார். "சரிம்மா" என்று போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குள் நடந்ததைச் சேகர் அண்ணன் வந்து சொன்னார். காகிதத்தைப் படித்த மறுநாளே சிஸ்டர் உங்களிடம் வந்தார். தட்டில் ஊறப் போடுவதை அன்றைக்கே நிறுத்தினீர்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் குழாய் வைத்த வீடுகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டபோது முடியாது என்றீர்கள். "சொன்னா பயந்துபோய்க் குழாயே வேண்டாம்னு பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க சிஸ்டர். அப்ப எத்தனை பிள்ளை சாகும்? அதுக்கு யார் பொறுப்பு?" இது ஒன்றுமில்லாத கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். சிஸ்டரும் சொல்லவில்லை. அவர் சொன்னது இது: "பயப்படுறவங்ககிட்ட நான் உக்காந்து பேசுறேன் டாக்டர். ஆனா அந்தக் கல்லுப்பட்டிப் பொண்ணு மேல பழியப் போட்டுருக்கோம். அத எடுக்கணும்ல?"

கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அவரைத் தியேட்டரிலிருந்து எடுத்து வெளிநோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தீர்கள். அவர் வெடித்த விரலால் சீட்டுக் கிழித்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். அங்கேயும், வரிசையில் பிள்ளை முகத்தைத் தொட்ட ஒருத்தியிடம், "கையெடும்மா."

கோபம் ஆற எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆறியது என்று சொல்லக் கூடாது. என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், பாண்டிச்செல்வியின் பிள்ளை இல்லை, அதை நினைத்தபோது என் கோபம் எனக்கே அற்பமாகப் பட்டது. போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் கேட்டது: "அந்தப் பொண்ணு ஊரு உனக்குத் தெரியுமா? சீட்டுல வெறும் கல்லுப்பட்டின்னுதான் போட்டிருக்கு." எனக்குத் தெரியும். வார்டில் கிடந்த நாட்களில் அவள் ஊர், கண்மாய், பஸ் வரும் நேரம் வரைக்கும் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் பஸ் ஏறினோம். கல்லுப்பட்டியில் இறங்கி மினி பஸ் பிடித்தோம். வழியில் ஒரு தடவை, "அடிச்சா வாங்கிக்கணும்" என்றார், தனக்குத்தானே.

ஊர் எல்லையில் தார் ரோட்டில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி அங்கேதான் நின்றாள், காலால் சோளத்தைத் தள்ளிக்கொண்டு. பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தவள் சிஸ்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. தட்டைச் சொன்னார். காகிதத்தைச் சொன்னார். "உன் பிள்ளைக்கு வச்ச குழாயையும் நான்தான் ஊறப் போட்டேன். அதுல இருந்த மருந்துல கொஞ்சம் தண்ணியில போயிருச்சு. அதனாலதான் பிள்ளை செத்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. நல்லா வச்ச குழாய்க்கும் சில நேரம் கிருமி வரும். ஆனா உன்னாலதான்னு சொன்னாங்கள்ல, அது தப்பு. அப்படிச் சொல்ல ஒருத்தருக்கும் தெரியாது."

பாண்டிச்செல்வி கேட்டாள்: "நான் தண்ணி ஊத்துனதால இல்லையா?"

"நீ ஊத்துனது தையல் பிரிச்சு ஒரு வாரம் கழிச்சு. நான் சீட்டப் பாத்தேன். காயம் மூடியிருந்துச்சு. அப்ப ஊத்தலாம். ஊத்தச் சொல்லி நாங்களே அனுப்புவோம்."

அவள் சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அப்படியே பிடித்து இழுத்துக்கொண்டு போய், ரோட்டின் அந்தப் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த புருஷன் முன்னால் நிறுத்தினாள். "ஏய்யா, இவுக சொல்றதக் கேளு. சொல்லுங்க சிஸ்டர்."

சிஸ்டர் சொன்னார். முதலிலிருந்து.

பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். "இவுககிட்டயும் சொல்லுங்க." சொன்னார். அதில் ஒரு அம்மா, "அப்ப இவ மேல குத்தமில்லையாத்தா? நாம எம்புட்டுப் பேசிப்புட்டோம்" என்றார். பாண்டிச்செல்வி அவரை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பெஞ்சில் இருந்த ஆண்கள் முன்னாலும் சொல்லச் சொன்னாள். நான்காவது தடவை சிஸ்டரின் குரல் கம்மிவிட்டது. ஒருவன், "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றான். சத்தமாகச் சொன்னார். "தண்ணியில ஊறப் போட்டது நான். இந்தப் பொண்ணு இல்ல."

அவ்வளவு நேரமும் பாண்டிச்செல்வி அவர் மணிக்கட்டை விடவில்லை. பிடித்த இடம் சிவந்து போயிருந்தது. அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடக் கையெடு என்று சொல்லவில்லை.

புருஷன்காரன் மூட்டையைக் கட்டி முடித்தான். பிறகு சோளத்தின் ஓரத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாண்டிச்செல்வி வந்தாள். அழவில்லை. "எங்க ஊர்ல சொல்லிட்டீக. இனிமே இங்கன என்னைய யாரும் பேச முடியாது. ஆனா அம்புட்டுப் பேரு முன்னாடி என்னையச் சொன்னாரே அந்தப் பெரிய டாக்டரு, அவரு எப்பச் சொல்லுவாரு?"

"கேட்டுச் சொல்றேன்" என்றார் சிஸ்டர்.

கேட்டார். ஓய்வு பெறும்வரை கேட்டார். கோப்பில் இருக்கிறது என்றீர்கள். பார்க்கிறேன் என்றீர்கள். பிறகு பார்க்க நேரமில்லை என்றீர்கள். நீங்கள் இயக்குநர் ஆனீர்கள். மற்ற வீடுகளை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். எத்தனை வீட்டைக் கண்டுபிடித்தார், எத்தனை பேர் அடித்தார்கள், எத்தனை பேர் தண்ணீர் கொடுத்தார்கள் என்று என்னிடம் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: குழாய் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "உண்மையச் சொன்னா சனம் கேக்குதும்மா. என்ன, முதல்ல கொஞ்சம் ஏசும்."

இதைப் படிப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கு மருந்துக் குழாய் வைக்கச் சொன்னால் வையுங்கள். அது நல்ல குழாய். தட்டில் ஊறப் போடுவதை நிறுத்திய பிறகு, அந்த வார்டில் குழாய் கெட்டுத் திரும்பி வரும் பிள்ளைகள் குறைந்ததாகச் சேகர் அண்ணன் சொன்னார். குழாய் மேல் குற்றமில்லை. குப்பையில் போன காகிதத்தின் மேலும் இல்லை.

போன வருடம் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்க்கப் போனேன். கை அப்போது ஆறியிருந்தது. கழுவ வேண்டிய வேலை இல்லாததால் வெடிப்பு மூடி, சாதாரணக் கை மாதிரி ஆகியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள விட்டுவிட்டார். "பாண்டிச்செல்விக்கு இன்னும் பதில் சொல்லல" என்றார்.

இந்த அம்மாவைத்தான் தவறே செய்யாதவர் என்றீர்கள். அப்படிச் சொன்னால் உங்களுக்கு வசதி. தவறே நடக்கவில்லை என்றால் கடிதம் இல்லை. கடிதம் இல்லை என்றால் தண்ணீர் ஊற்றிய தாய்தான் இன்றைக்கும் குற்றவாளி. ஒரு மாலையைப் போட்டு, செத்தவர் வாயையும் உயிரோடு இருப்பவள் வாயையும் சேர்த்து மூடினீர்கள்.

ஹரிணிக்கு இப்போது பதினொரு வயது. கனிஷ்கா இருந்திருந்தால் அவளுக்கும் அதுதான். பாண்டிச்செல்விக்குப் பிறகு வேறு பிள்ளை இல்லை. போன வாரம் போன் பண்ணினேன். உங்கள் பேச்சைச் சொன்னேன். "அப்ப அவரு சொல்லவே மாட்டாராக்கா?" என்றாள்.

இயக்குநர் ஐயா, எனக்குக் கடிதம் போட வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். உங்கள் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுக்க வேண்டாம். அதே அரங்கம், அதே மைக். அந்தக் கடிதத்தை எடுத்து வந்து முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் வாசியுங்கள். அந்த மாதங்களில் குழாய் வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் யார் தகவல் சொன்னது, யாருக்கு இன்னும் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் ஒரு தாயைப் பார்த்து நீங்கள் சொன்னது தப்பு என்று அந்தத் தாயைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் அவளைக் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன். சிஸ்டர் ஒரே நாளில் நாலு தடவை சொன்னார், டீக்கடை வரைக்கும் போய். நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. எப்பச் சொல்லுவாரு?

தேதியைச் சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.